தனிக்குடித்தனம் போன எமோஜி

"ஏல, என்ன ஆளுக்கொரு பக்கமா நிக்காவ?"

காபி டம்ளரோட பின்னால அம்மா. பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் தம்பி லேப்டாப், எழுத்தைக் கட்டம் கட்டமா அடுக்கிக் காட்டுற டெர்மினல் திரையில் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய வீடுகளின் பட்டியல், சுத்தி கோடு போட்டது. வீட்டுக்கொரு குடும்ப எமோஜி.

என் லேப்டாப்பில் அப்பா, அம்மா, பிள்ளை ஒரே படம். 2 கட்டம்.

இங்கே மூணு பேரும் தனித்தனி. 6 கட்டம். வலதுபக்கக் கோடு 4 கட்டம் தள்ளிப்போய் நிக்குது.

உள்ளுக்குள் எப்பவுமே 3 எமோஜிதான். நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் 2. அதை டெர்மினலும் ஃபான்ட்டும் மதிச்சாத்தான் கூட்டுக்குடும்பம்.

எமோஜிய விடுங்க, 'திருநெல்வேலி'யவே சில டெர்மினல் ஒழுங்கா காட்டாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் உக்காந்திருக்கும்.

எமோஜிய எடுத்துட்டு 'குடும்பத்துடன்'னு அடிச்சேன். கோடு இன்னும் கோணல்தான்.