தோமையார் கையிலிருந்த காசு

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்க முடியுமா என்று எங்கள் பங்குத் தந்தை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சளைக்காமல் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் வேலை, அப்புறம் முதுகுவலி. கடைசியாக, "எனக்கே விவிலியம் சரியாகத் தெரியாது ஃபாதர்." அது மட்டும் பொய் இல்லை.

போன சனிக்கிழமை பரங்கிமலை ஏறினேன். 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிக்கொடுத்த படிகள். எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். வழியெல்லாம் சிலுவைப்பாதை நிலைகள், இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டுபவை. ஆண்டவர் முதல்முறை விழுகிற மூன்றாம் நிலையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

மேலே கோவில் சின்னதுதான். 1547இல் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது, சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவரான தோமையாரே, அதாவது தோமா, செதுக்கியது என்பார்கள். எழுத்து பல நூற்றாண்டு பிந்தியது என்பார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அந்த வழக்கு வேண்டாம். அதன் முன்னால் உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது வேறொன்று.

'தோமாவின் பணிகள்' என்று 3ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று உண்டு. விவிலியத்தில் சேராதது. திருத்தூதர்கள் சீட்டுப்போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. நான் எபிரேயன், உடம்பிலும் தெம்பில்லை, அங்கே போய் எப்படிப் பேசுவேன் என்கிறார். இரவில் ஆண்டவரே வந்து பயப்படாதே என்கிறார். வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்பும், இந்தியாவுக்கு மட்டும் மாட்டேன் என்று அப்போதும் அதே பிடிவாதம். சந்தையில் ஹப்பான் என்ற வணிகன் தச்சன் தேடி வருகிறான். இயேசு அவனிடம், என்னிடம் ஓர் அடிமை இருக்கிறான் என்று விலைபேசி விற்றுவிடுகிறார்! "இவர்தான் உன் எஜமானா?" என்று வணிகன் கேட்கிறான். இல்லை என்று தோமாவால் எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாள் காலை, உமது சித்தப்படி ஆகட்டும் என்று செபித்துவிட்டுக் கிளம்புகிறார். மூட்டை முடிச்சு இல்லை. கையில் இருந்தது அவரை விற்ற காசு மட்டும். ஆண்டவர் அதையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

அந்தக் கதை அவரைக் கொண்டுபோவது வடமேற்கே குந்தபோரஸ் அரசனிடம்; மயிலாப்பூர் என்ற பேரே அதில் இல்லை. இந்த மலைக்கு அவரைக் கொண்டுவருவது நம் முன்னோர் சொல்லிவந்த மரபு. கி.பி. 72இல் இங்கேதான் ஈட்டியால் குத்துப்பட்டார் என்கிறது அது. வரவே மாட்டேன் என்றவர் திரும்பிப் போகவில்லை.

வெளியே வந்து மதில் ஓரம் நின்றேன். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஃபாதருக்குப் போன் போட்டேன்.

"ஏழாம் வகுப்பு. பதினொரு பிள்ளைங்க," என்றார். காரணம் எதுவும் கேட்கவில்லை. "சாக்பீஸ் தீர்ந்துபோச்சு, அது மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."