கேட்டில் நீட்டும் லைசென்ஸ்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் கேட் போட்ட எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் செக்யூரிட்டி ஒரு கருவியோடு வந்து லைசென்ஸை ஸ்கேன் செய்கிறார், நாமும் கார் கண்ணாடியை இறக்கி எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பாதுகாப்புக்குத்தான், சரி. ஆனால் அதில் நம் அடையாள எண் இருக்கிறதே! அந்த 13 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா (5000க்குக் கீழே என்றால் பெண்), அப்புறம் குடிமகனா, நிரந்தரவாசியா என்பது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இனத்தையும் இதற்குள்ளேயே குறித்து வைத்திருந்தார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிவிடலாம். இதை?

தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா (POPIA) சட்டம் 2021 ஜூலை 1 முதல் கறாராக அமலில் இருக்கிறது. தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது, எதற்கு வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும், தேவை முடிந்தபின் வைத்துக்கொண்டே இருக்கவும் கூடாது. ஒரு பூஜைக்குப் போன இடத்தில் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம், இதையெல்லாம் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது பாபா, ஆபீஸில் கேளுங்கள்" என்றார், பாவம், அவர் என்ன செய்வார். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம், பக்கத்தில் மனைவி முறைப்பு வேறு. ஆபீஸுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை.

அக்கா இருக்கும் காம்ப்ளெக்ஸில் வீட்டுக்காரரே போனிலிருந்து விருந்தாளிக்கு ஒரு கோட் அனுப்பிவிடுகிறார், அதைச் சொன்னால் கேட் திறக்கும், லைசென்ஸ் பர்ஸிலேயே இருக்கும். இப்படிக் கேட் போட்ட எஸ்டேட்டில் குடியிருக்கும் சொந்தங்களே, உங்கள் அடுத்த மீட்டிங்கில் இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்.