காரணம் சொல்லாமல் இ.எல். கேட்டேன்

எங்கள் பே ஸ்லிப்பின் கீழே 'இ.எல். இருப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இ.எல். என்றால் ஏர்ன்டு லீவ், நாம் வேலை பார்த்துச் சேர்த்த சம்பள லீவு. வருஷா வருஷம் அதில் எண் ஏறும், ஆனால் அந்த நாட்களை எடுத்தது யார் என்று எங்கள் மெஷின் ஷாப்பில் விசாரித்தால், வீட்டில் கல்யாணம் நடந்தவர்களும் சாவு விழுந்தவர்களும்தான். சும்மா ஊரில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டு வாங்கியவர் நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர்கூட இல்லை. தொழிலாளர் சட்டம் மாறுவதற்கு முன்னால் வந்த ஒரு மே மாதம் நான் வாங்கினேன். வாங்குவதற்குள் என்னென்ன தடை வந்தது என்று எழுதி வைத்தால் அடுத்து கேட்கிற ஒருவருக்காவது அலைச்சல் குறையும்.

கோயம்புத்தூர் பக்கம் பம்ப்புக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். ஊர் காளையார்கோவில் பக்கம், அம்மா அங்கே தனியாக இருக்கிறார். பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்த லீவில் அவர்களோடு அம்மா வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். 

"ஏனுங்க தம்பி, வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

"இல்லண்ணே."

"விசேஷம் ஏதாச்சும்?"

"இல்லண்ணே, புள்ளைங்களோட ஊர்ல இருக்கணும்."

"அதுக்கெல்லாம் எப்படிங்க லீவு தர்றது? மாசக் கடைசி டிஸ்பாட்ச் முடியட்டும், பாக்கலாங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே இருந்து டார்கெட் வருகிறது, ரிலீவர் ஆள் கொடுக்காமல் லைனை ஓட்டச் சொல்கிறார்கள். ஆனால் அந்த மாசக் கடைசி முடிந்தால் அடுத்த மாசக் கடைசி வரும். கேட்டுக்கொண்டே இருந்தேன், யாரும் ஒருமுறைகூட 'முடியாது' என்று சொல்லவில்லை. அங்கேதான் நம் லீவு செத்துப்போகிறது. மறுத்தார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது, டிசம்பர் வந்ததும் "நீங்கள்தான் எடுக்கவில்லை" என்று, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகக்கூடிய 30 நாளுக்கு மேல் உள்ளதை அழித்துவிடுவார்கள். சீனியர் ஒருவருக்கு அப்படி எத்தனையோ வருஷத்து நாட்கள் போயிருக்கின்றன, இன்றைக்கும் அவர் அதைச் சொன்னால் குரல் மாறும்.

பக்கத்து மெஷின் நண்பர் "பாட்டி இறந்துட்டாங்கன்னு சொல்லுங்க, உடனே கிடைச்சிரும்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. உயிரோடு இருக்கிறவர்களைச் சாகடித்து நாம் உழைத்துச் சேர்த்த நாளைக் கேட்க வேண்டுமா? இதில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆவது பிரிவில், லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அந்தச் சட்டப்படி லீவு தொடங்குவதற்கு 15 நாள் முன்னால் எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது, வருஷத்தில் மூன்று தடவைக்குள் பிரித்து எடுக்கலாம் என்று இருந்தது. இந்த இரண்டுக்கும் உட்பட்டுக் கொடுத்த விண்ணப்பத்தை நிர்வாகம் மறுக்கக் கூடாது. நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்து ஒத்துக்கொண்ட லீவுத் திட்டம் இருந்து, அதன்படி மறுத்தால்தான் அது செல்லும். அந்தத் திட்டம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உடம்பு சரியில்லாமல் போய்க் கேட்டால் 15 நாள் முன்னறிவிப்புகூடத் தேவையில்லை.

சரி என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வருஷத்து இ.எல்., 79ஆவது பிரிவின்படி என்ற வரி, கீழே கையெழுத்து, டோக்கன் நம்பர். இரண்டு பிரதி. டைம் ஆபீசில் கொடுத்து ஒன்றில் இன்வர்ட் சீல், அதாவது வாங்கிக்கொண்டதற்கான முத்திரை, போட்டுத் தரச் சொன்னேன். அங்கிருந்த கிளார்க் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. லீவு லெட்டருக்கெல்லாம் சீல் போடுகிற வழக்கம் இங்கே இல்லை, சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன் என்றார். சூப்பர்வைசரோ ஹெச்.ஆர். சொன்னால்தான் கையெழுத்து என்றார். ஹெச்.ஆர். மேடம் மீட்டிங்கில் இருந்தார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலை நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. பிச்சை கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள்.

அன்றைக்கே தபால் நிலையம் போய் அதே கடிதத்தைத் தொழிற்சாலை மேலாளர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை ரொம்ப நாள் நிற்காது. கடிதம் போய்ச் சேர்ந்த தேதி டிராக்கிங்கில் வந்ததும் அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். கவனம், போட்ட தேதியிலிருந்து இல்லை, அவர்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து 15 நாளுக்குமேல் இருக்கிற மாதிரி லீவுத் தேதியைப் போடுங்கள். அதிலே ஒருநாள் குறைந்தாலும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

தபால் போய்ச் சேர்ந்ததும் ஹெச்.ஆரிலிருந்து கூப்பிட்டார்கள். நேரடியாக மறுக்கவில்லை, வேறு ஒன்றை எடுத்தார்கள். போன வருஷம் நான் 240 நாள் வேலை பார்க்கவில்லையாம், அதனால் அந்த வருஷத்துக்கு இ.எல். கணக்கே கிடையாதாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஆர்டர் இல்லை என்று அவர்களே லே ஆஃப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய நாட்களையெல்லாம் ஆப்சென்ட் மாதிரி கழித்திருந்தார்கள்!

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வாயடைத்துத் திரும்பி வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தப் பழைய சட்டப்படி, ஒரு காலண்டர் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அடுத்த வருஷம், வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள் சம்பளத்தோடு லீவு. 280 நாள் வந்திருந்தால் 14 நாள். அந்த 240-ஐ எட்டினோமா என்று பார்க்கும்போது முறையாகக் கொடுக்கப்பட்ட லே ஆஃப் நாட்களையும், முந்தின வருஷத்துக்காக எடுத்த இ.எல். நாட்களையும், பெண்களுக்கு 12 வாரம் வரை பிரசவ லீவையும் வேலை பார்த்த நாளாகவே சேர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த நாட்களுக்குத் தனியாக லீவு சேராது, அது உண்மை. ஆனால் 240 கணக்கிலிருந்து அவற்றைக் கழிக்க முடியாது. லே ஆஃப் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தபோதே போட்டோ எடுத்திருந்தேன், அதைக் காட்டினேன். மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "செக் பண்ணிச் சொல்றோம்" என்றார். மறுநாள் கணக்கு சரியாகிவிட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, ஆனால் சரியாகிவிட்டது.

பேக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்குப் பிரசவ லீவைக் கழித்து இதே மாதிரி செய்திருந்தார்கள். என் கணக்கு சரியானதைக் கேள்விப்பட்டு அவரும் போய்ப் பேசி வாங்கினார். இந்த அலைச்சலில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது இதுதான்.

கணக்கு சரியானாலும் லீவு வரவில்லை. "லீவுத் திட்டப்படி மே மாதம் தர இயலாது" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அந்தத் திட்டம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன், அதுவும் இல்லை. எழுதி வாங்குவதில் ஏன் இவ்வளவு குறியாக இருந்தேன் என்றால், விண்ணப்பித்து மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. எத்தனை வருஷம் ஆனாலும் அது நம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் தாளில் எழுத மறுக்கிறார்கள்.

வெளியே புகார் கொடுக்கலாம் என்று முடிவு செய்தபோது, விவரம் தெரிந்தவர் என்று எல்லோரும் சொல்கிற ஒருவர் என்னை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார். பஸ் மாறி, லாஸ் ஆஃப் பே (சம்பளம் இல்லாத லீவு) போட்டுக்கொண்டு போனேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, தொழிற்சாலை லீவு விஷயம் இங்கே வராது என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்குக்கூட நிமிர்ந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் தொழிற்சாலை என்றால் நீங்கள் போக வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம், பழைய ஆட்கள் 'ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்' என்பார்கள். கடை, ஓட்டல், தனியார் அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. அவர்களுக்குச் சட்டமும் வேறு, 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், அதில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் சம்பளத்தோடு 12 நாள். போவதற்கு முன்னால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் கூலி மிச்சமாகும்.

சரியான அலுவலகத்தில் வேலை சீக்கிரம் நடந்தது. கடிதத்தின் நகல், தபால் ரசீது, பே ஸ்லிப் எல்லாம் வைத்துப் புகார் கொடுத்தேன், ஆய்வாளர் வந்து லீவுப் பதிவேட்டைக் கேட்டார், அந்த வாரமே என் லீவு பாஸ் ஆனது.

ஊரில் இருந்த நாட்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை, நன்றாக இருந்தது. பெரியவன் கண்மாயில் நீந்தப் பழகினான்.

திரும்பி வந்து பார்த்தால் இன்னும் இரண்டு வேலை வைத்திருந்தார்கள். லீவுக்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் இ.எல். கணக்கில் கழித்திருந்தார்கள். லீவுக்கு இடையிலோ, முன்னும் பின்னும் ஒட்டியோ வருகிற விடுமுறை நாட்களை இ.எல். நாளாகக் கழிக்கக் கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்ததும் திருப்பிச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் பே ஸ்லிப்பையும் எடுத்து எண்ணிப் பாருங்கள், எத்தனையோ பேருக்கு இப்படித்தான் நாள் கரைகிறது. இன்னொன்று, அந்த மாதம் அட்டென்டன்ஸ் போனசை வெட்டிவிட்டார்கள். லீவுச் சம்பளக் கணக்கில் ஓ.டி.யும் போனசும் சேராது என்று 80ஆவது பிரிவைக் காட்டுகிறார்கள். அது சம்பள விகிதத்துக்கான விஷயம், பாஸான லீவை ஆப்சென்டாக வைத்துப் போனசை வெட்டுவது வேறு என்பது என் வாதம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் திரும்பியதும் தொடர்ந்து நைட் ஷிப்ட் போட்டார்கள். சும்மா நடந்த மாற்றம் என்று நான் நம்பவில்லை. கேட்கப் போகிறவர்கள் இதற்கும் தயாராக இருங்கள், முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே சமயத்தில் எழுதிக் கொடுங்கள். ஒருவரைக் குறிவைப்பது சுலபம்.

காண்ட்ராக்டில் இருக்கும் தம்பிகள் "எங்களுக்கெல்லாம் ஏதுண்ணே லீவு" என்கிறார்கள். தப்பு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தொழிலாளி என்றால் காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் சேர்த்தியாகத்தான் இருந்தார். ஆனால் தேவையான நாள் கணக்கு நெருங்கும்போது பெயரை ஒரு காண்ட்ராக்டரிலிருந்து இன்னொருவருக்கு மாற்றுகிற வேலை நடக்கிறது, அடையாள அட்டை, பி.எஃப். பதிவு, பே ஸ்லிப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று, எடுக்காத லீவுக்குச் சம்பளம் கணக்கிட்டுத் தர வேண்டும், தேவையான நாள் முடியாவிட்டாலும் வேலை பார்த்த நாளுக்குத் தக்கபடி உண்டு. ஃபைனல் செட்டில்மென்ட் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் விஷயம் நடந்தது பழைய சட்டம் இருந்தபோது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் 240 என்பது 180 ஆகியிருக்கிறது. 20 நாளுக்கு 1 நாள், 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்கு, மறுக்கப்பட்ட லீவுக்கு வரம்பு இல்லை என்பவை அப்படியே இருக்கின்றன. வருஷக் கடைசியில் லீவைப் பணமாகக் கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹெச்.ஆர். இன்னும் 240 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான்கு நாளோ அதற்கு மேலோ லீவு பாஸானால் அந்த லீவுக்கான சம்பளத்தைக் கிளம்புவதற்கு முன்பே தர வேண்டும் என்று பழைய சட்டத்தின் 81ஆவது பிரிவு சொன்னது. எனக்குத் தரவில்லை, அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வந்தது. அதற்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், ஸ்பீட் போஸ்டில்.