கீழே போய்விட்டு வருகிறேன்

எங்கள் செய்திப் பிரிவில் யாரும் சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னதில்லை. "கீழே போயிட்டு வரேன்" என்பார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம், காரணம் சொல்லவேண்டாம், யாரும் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள். இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்த 17 ஆண்டுகளில், ஓர் இரவுக்கு எட்டுத் தடவையாவது அதைச் சொல்லியிருப்பேன். முதல் பக்கம் பிரஸ்ஸுக்குப் போனதும் ஒன்று. தலைப்பு சிக்காவிட்டால் ஒன்று. சிக்கிவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் இன்னொன்று. பின்படிக்கட்டில் இறங்கினால் ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு சிமென்ட் மேடை இருக்கும். அதுதான் எங்கள் இடம்.

ஆண்டுதோறும் மே 31, உலகப் புகையிலை ஒழிப்பு நாளுக்கான கட்டுரை என் மேஜைக்குத்தான் வரும். பிழை திருத்தி, நீளத்தை வெட்டி, தலைப்பு வைத்துவிட்டுக் கீழே போவேன். பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் கவனித்துவந்த ரிச்சர்ட் டால் குழுவின் ஆய்வு அதில் தவறாமல் இருக்கும். விடாமல் புகைப்பவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். 30 வயதில் விட்டால் ஏறக்குறைய அந்தப் பத்தும் மிஞ்சும், 40-ல் விட்டால் 9, 50-ல் 6, 60-ல் 3. இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு முறை 60-க்கு எதிரே 6 என்று அச்சாக இருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்துப் பாராட்டுகூட வாங்கினேன். பாராட்டு கிடைத்த கையோடு எங்கே போனேன் என்று சொல்லவேண்டியதில்லை. அந்தக் கட்டுரை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: "மன உறுதி இருந்தால் எவரும் விட்டுவிடலாம்." அந்த வரியில் நான் ஒருபோதும் கை வைத்ததில்லை.

என் முதல் முயற்சி அந்த வரியை நம்பித்தான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டேன். திங்கட்கிழமை செய்திப் பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதுதான் தப்பாகப் போனது. நாற்பது பேர் எனக்குக் காவலர்கள் ஆகிவிட்டார்கள். இருமினால் பார்த்தார்கள், சிடுசிடுத்தால் சிரித்தார்கள். இரண்டாம் மூன்றாம் நாள்தான் தவிப்பின் உச்சம் என்று படித்திருந்தேன், அதைக் கடந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் தேர்தல் முடிவு இரவு. மணி இரண்டேகாலுக்கு முதல் பக்கத்தை மூன்றாவது முறையாக மாற்றச் சொன்னார்கள். கீழே இறங்கி ஒன்றே ஒன்று வாங்கிப் பிடித்தேன். ஒன்று போய்விட்டது, இனி எல்லாம் ஒன்றுதான் என்று மனம் கணக்குப் போட்டது. விடியும்போது கையில் முழு பாக்கெட் இருந்தது. அதைவிட மோசம், அடுத்த மூன்று வாரம் அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிப் போய் ஒளிந்து பிடித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவன், பள்ளிக்கூடப் பையனைப் போல.

இரண்டாவது முறை குறைத்துக் குறைத்து விடலாம் என்று பார்த்தேன். ஒரு நாளைக்கு 18 இருந்ததை 6-க்குக் கொண்டுவந்தேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆறும் எனக்கு ஆறு பண்டிகைகள் ஆகிவிட்டன. நாள் முழுக்க அடுத்தது எப்போது என்பதே நினைப்பு. பிடிக்கும்போது ஆழமாக இழுத்து, நுனிவரை விடாமல் குடித்தேன். எண்ணிக்கை குறைந்ததே தவிர, உள்ளே போன நிக்கோடின் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. 2016-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வைப் பிறகு படித்தேன். நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் தாக்குப்பிடித்திருந்தார்கள். இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அது 15.5 சதவீதம். குறைத்து விட்டவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது முறை ஒரு மருத்துவரிடம் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பார், பாதியாகக் குறைத்துச் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவர் முதலில் கேட்டது வேறு: "காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?" யோசிக்காமல் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டேன். அவர் குறித்துக்கொண்டார். நிக்கோடின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை எடைபோட ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறதாம். அதில் அதிக மதிப்பெண் உள்ள இரண்டு கேள்விகளில் இது ஒன்றாம். இரவெல்லாம் நிக்கோடின் இறங்கியிருக்கிறது, உடம்பு எவ்வளவு அவசரமாக அதைக் கேட்கிறது என்பதை அந்த நிமிடக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. "உங்களுக்கு வெறும் கையோட நிறுத்துறது கஷ்டம் சார், உதவி எடுத்துக்குங்க" என்றார். மன உறுதி என்ற சொல்லை அவர் ஒரு தடவையும் உச்சரிக்கவில்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இரண்டு முறை தோற்றதை என் குணக்கேடு என்றே நினைத்திருந்தேன்.

காலையில் ஒட்டிக்கொள்ள நிக்கோடின் பேட்ச், இடையில் சிகரெட் தாகம் எடுத்தால் மெல்ல 4 மில்லிகிராம் கம், இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். பேட்ச் சிக்கல் இல்லை, தோளில் ஒட்டினால் தன் வேலையைச் செய்யும். கம் அப்படியில்லை. அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி நறநறவென்று மென்று, முதல் இரவு ஆசிரியர் குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் விக்கல் எடுத்தேன். மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்கவேண்டும். சுருக் அடங்கியதும் மறுபடி மெல்லவேண்டும். நிக்கோடின் வாய்ச் சதை வழியாகத்தான் ஏறுகிறது, விழுங்கினால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். காபி குடித்த வாயோடு போட்டாலும் சரியாக ஏறாது, பதினைந்து நிமிடம் இடைவெளி வேண்டும்.

காபியைப் பற்றி இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. சிகரெட் புகை கல்லீரலில் காஃபினை வேகமாகச் சிதைக்கவைக்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். முதல் முயற்சியில் எனக்கு இருந்த கைநடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து, அதை ஆற்ற மேலும் காபி குடித்துக்கொண்டிருந்தேன்! இந்த முறை காபியைப் பாதியாக்கினேன். தூக்கம் பத்து நாளில் ஓரளவு சரியானது.

மருந்து உடம்பைப் பார்த்துக்கொண்டது. மீதி வேலை அலுவலகத்தில்தான் நடக்கவேண்டியிருந்தது.

முதலில் எழுந்து போவதை நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்தேன். முன்பு இரண்டு முறையும் நாற்காலியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் பதினேழு ஆண்டுகளாக என் கண்ணுக்கும் முதுகுக்கும் தலைக்கும் கிடைத்த ஒரே ஓய்வு அந்த ஏழெட்டு நிமிடம்தான். அதையும் சேர்த்துப் பிடுங்கினால் உடம்பு சண்டை போடாமல் என்ன செய்யும்? அதனால் அதே நேரங்களில் எழுந்தேன். கீழே இறங்குவதற்குப் பதிலாக மாடிப்படி ஏறினேன். ஒரு தண்ணீர் பாட்டிலோடு மொட்டைமாடியில் ஒரு சுற்று. சிகரெட் தாகம் அலை மாதிரி வந்து சில நிமிடங்களில் வடிந்துவிடும் என்று எத்தனை கட்டுரையில் திருத்தியிருப்பேன்! கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்த பிறகுதான் நம்பினேன். பெரும்பாலும் நான்கு நிமிடம். மோசமான இரவுகளில் ஆறு.

அடுத்து, யாரிடம் சொல்வது. இந்த முறை இரண்டு பேரிடம்தான் சொன்னேன். ஒருவர் எதிர் மேஜைக்காரர். இன்னொருவர் லேஅவுட் பார்க்கும் தம்பி, என் நீண்டநாள் கீழ்மேடைத் தோழர். "நானே கேட்டாலும் குடுக்காதே" என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் வாரம் ஒரு நாள் பக்கம் தாமதமாகி, மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு, நேராகக் கீழே போய் அவர் முன்னால் கையை நீட்டினேன். அவர் பாக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். "சார், நீங்கதான் சொன்னீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் கையிலிருந்த சிகரெட்டையும் அணைத்துவிட்டு, தன் மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். விகிதம் சரியாக வரவில்லையாம். ஐந்து நிமிடம் கேட்டேன், மேலே வந்தேன். அவர் இன்றும் புகைக்கிறார். எனக்கு அவரளவு உதவியவர் எவருமில்லை.

கோபத்தைப் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. சிடுசிடுப்பு வரும், சில வாரத்தில் போய்விடும் என்பார்கள். அது உண்மைதான், எனக்கும் ஒரு மாதத்தில் பெருமளவு போனது. ஆனால் போகாமல் நின்ற ஒரு மிச்சம் இருந்தது. தலைப்பை என்னைக் கேட்காமல் மாற்றினால், முன்பெல்லாம் ஒன்றும் பேசாமல் கீழே போய்விடுவேன். திரும்பி வரும்போது கோபம் இருக்காது, தலைப்பும் இருக்காது. சொல்லவேண்டிய "வேண்டாம்" எத்தனையோ அந்த மேடையில் புகையாகப் போயிருக்கின்றன. இப்போது கோபத்தை எடுத்துக்கொண்டு போக இடமில்லை. அது தவறான ஆள்மீது இறங்கியது. ஒரு கால்புள்ளிக்காகப் பயிற்சி உதவி ஆசிரியர் பெண்ணைச் சத்தம்போட்டுவிட்டேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள், ஆனால் ஒரு வாரம் என் பக்கம் திரும்பவில்லை. அப்புறம்தான் சொல்லவேண்டியவரிடம், சொல்லவேண்டிய நேரத்தில், "இந்தத் தலைப்பு தப்பு சார், காரணம் இது" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். முதல் சில தடவை குரல் நடுங்கியது. பாதி தடவை நான் சொன்னது நடக்கவில்லை. இருந்தாலும் வீட்டுக்குப் போனபின் நெஞ்சில் எதுவும் அரிக்கவில்லை.

சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது என்று சாதித்தவன் நான். நிக்கோடினின் அளவு இரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று தெரிந்த பிறகு, என் பழைய இரவுகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எட்டு மணிக்கு நிம்மதி, பத்து மணிக்குச் செய்தி ஆசிரியர் மீது எரிச்சல், கீழே போய்வந்ததும் அவர் நல்லவர். பாவம், பத்து மணிக்கும் அவர் அதே மனிதர்தான்.

நாற்பத்தோராம் நாள் ஒரு பிரிவுபசார விழாவில் இரண்டு இழுப்பு இழுத்தேன். பழைய கணக்கு உடனே தலைதூக்கியது: போச்சு, எல்லாம் போச்சு. மருத்துவர் இதை முன்பே எச்சரித்திருந்தார். வழுக்கினால் எழுந்து நட, மறுபடி மலையடிவாரத்துக்குப் போய் ஆரம்பிக்காதே என்றிருந்தார். மீதியை அணைத்தேன். எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் என்று நோட்டில் மூன்று வரி எழுதினேன். பசி, களைப்பு, விடைபெறும் வருத்தம். மறுநாளை நாற்பத்திரண்டு என்றே எண்ணினேன்.

எடை நான்கு கிலோ கூடியது, இன்னும் முழுதாக இறங்கவில்லை. கனவில் சில சமயம் புகைக்கிறேன், குற்ற உணர்வோடு விழித்து, இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷப்படுகிறேன். கீழ்மேடைப் பேச்சுகள் போனதுதான் இன்னும் வருத்தம். யார் வேலையை விடப்போகிறார், எந்தப் பக்கம் நிற்கப்போகிறது என்று எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். இப்போது எனக்கு எல்லாம் ஒரு நாள் தாமதமாகத் தெரிகிறது, செய்தித்தாள்காரனுக்கு அது கௌரவக் குறைவு.

இந்த ஆண்டும் மே 31 கட்டுரை வந்தது. டால் இருந்தார், பத்து ஆண்டு இருந்தது, கடைசி வரியும் இருந்தது. அதை அடித்துவிட்டு, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்ற கேள்வியையும், உதவி கேட்கலாம் என்பதையும் சேர்த்தேன். பக்கம் போனபின் அந்தப் பயிற்சிப் பெண், இப்போது நிரந்தர உதவி ஆசிரியர், வந்து கேட்டாள்:

"சார், மன உறுதி வரிய ஏன் எடுத்துட்டீங்க?"

"இடம் பத்தலம்மா" என்றேன்.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். அடியில் இரண்டு வரி இடம் காலியாகவே இருந்தது.