கதவோரக் கதிரை

என் மகன் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் தரம் 3 இல் படிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்த் திரும்பும் வழியில், அரைத்துண்டு கச்சான் (நிலக்கடலை) அல்வா தின்ற பத்து நிமிடத்துக்குள் அவனுடைய உதடு வீங்கி, உடம்பெங்கும் தடிப்புக் கிளம்பி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. வைத்தியசாலையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே எங்களுக்கும் மூச்சு வந்தது.

பின்னர் கிளினிக்கில் வைத்தியர், இது கச்சான் ஒவ்வாமை என்று சொல்லி, செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தார். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ தாமதியாமல் தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசியைப் போட வேண்டும். பிள்ளையை எழுப்பி நடக்க விடக் கூடாது. தேறிய பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடும் என்பதால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் குளிசை மூச்சைக் காப்பாற்றாது என்பதை அவர் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

கனடாவிலிருந்து வந்த மச்சாள் 0.15 மில்லிகிராம் அட்ரினலின் தானியங்கி ஊசிகள் இரண்டும், ஊசிமுனை இல்லாத பயிற்சிக் கருவியொன்றும் கொண்டுவந்தார். அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, வெக்கையிலும் வைக்கக் கூடாது. வன்னி வெயிலில் தகரக் கூரை அலுவலகம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதிபரோடு பேசி, ஓட்டுக்கூரையுள்ள நூலகத்தில் பூட்டுப் போடாத அலுமாரியொன்றைத் தெரிவு செய்தோம். உடுப்பின் மேலாகவே போடலாம் என்று நான் சொன்னதை நம்பாத வகுப்பாசிரியை, பயிற்சிக் கருவியைத் தன் சேலை மேலேயே அழுத்திப் பார்த்தார்.

ஆனால் அதே ஆசிரியை, நல்லெண்ணத்தோடுதான், இடைவேளையில் மகனைக் கதவோரத்துக் கதிரையில் தனியே இருத்திவிட்டார். ஒரு வாரமாகச் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது. காரணம் கேட்டபோது, "அம்மா, இது தொத்துற வருத்தமோ?" என்றான். கச்சானை விலக்கச் சொன்னால் பிள்ளையை விலக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

மீண்டும் போனேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், தாங்களே கச்சான் பயிரிடுவதாகவும் தன் பிள்ளைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் சத்து அதுதான் என்றும் சொன்னார். அது நியாயமான பேச்சு. பாடசாலை முழுவதும் தடை கேட்கும் எண்ணம் எனக்கும் இருக்கவில்லை. அவனுடைய வகுப்புக்குள் மட்டும் கச்சான் கொண்டுவருவதில்லை, காலையில் வீட்டில் தின்றுவிட்டு வருபவர்கள் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும், பிறர் பெட்டியிலிருந்து அவன் எதையும் வாங்கி உண்பதில்லை என்று முடிவாயிற்று. இந்த வருத்தம் தொற்றாது என்பதை வகுப்பாசிரியை பிள்ளைகளுக்கு விளக்கினார். அந்தத் தாயின் மகன்தான் இப்போது இவன் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறான்.

கதவோரக் கதிரையில் இப்போது வெண்கட்டிப் பெட்டி இருக்கிறது. ஊசிகள் வருகிற மாசியில் காலாவதியாகின்றன, மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறேன்.