வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கிய அனுபவம்

மாதந்தோறும் வருமானம் தரும் வீடு ஒன்றைத் தாம்பரம் பக்கம் வாங்க எண்ணியபோது, தரகரை அழைக்குமுன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 45 லட்ச ரூபாய் விலையுள்ள இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை வந்தால், ஆண்டு வருமானம் விலையில் 4 விழுக்காடு. ஆனால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என ஏறத்தாழ 4 லட்சம் விலையோடு சேர்கிறது. சொத்து வரியையும், ஆள் மாறும்போது வெள்ளையடிக்கும் செலவையும், வீடு பூட்டிக் கிடக்கும் ஒரு மாதத்தையும் கழித்தால் 3 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. வங்கி கேட்ட வட்டி எட்டரை விழுக்காடாக இருந்ததால், வாடகையைக் கொண்டே தவணையைக் கட்டிவிடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டுச் சிறிய கடனோடு நிறுத்திக்கொண்டேன்.

அதிக உழைப்பைக் கேட்டது பத்திரச் சரிபார்ப்பு. நான் தேர்ந்தெடுத்த வீடு, விற்பவரின் காலஞ்சென்ற தந்தை பெயரில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆயினும் அந்தச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும், உரிமையாளர் இறந்ததையோ அவருடைய வாரிசுகள் யார் என்பதையோ காட்டாது. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு என்பதால், மகன் ஒருவர் கையெழுத்திட்டால் போதாது என்று வழக்கறிஞர் உறுதியாகச் சொன்னார். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, தாயும் வெளியூரில் மணமாகியிருந்த மகளும் நேரில் வந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும் வரை, சிறிதளவு முன்பணத்துக்கு மேல் நான் கொடுக்கவில்லை. இதற்காகச் சில வாரங்கள் கூடுதலாகக் காத்திருந்தது முற்றிலும் தகும். மூலப் பத்திரம், அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் இந்த வீட்டுக்குரிய பிரிபடாத பங்கு, திட்ட அனுமதி ஆகியவற்றையும் வழக்கறிஞரே பார்த்துக் கொடுத்தார். பதிவு முடிந்ததும் சொத்து வரியையும் மின் இணைப்பையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

குடியேற வந்தவர்கள் ஒரு இளம் தம்பதியர். பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பது இங்கே பலருடைய பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, நகர்ப்புறக் குடியிருப்பு ஒப்பந்தங்கள் எழுத்தில் இருப்பதோடு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும் என்கிறது. இணையத்தில் விண்ணப்பித்துப் பதிவெண்ணைப் பெற்றோம். வாடகை உயர்வு, பழுது பார்க்கும் பொறுப்பு, காலி செய்ய அறிவிப்புக் காலம் ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதிக்கொண்டது இருதரப்புக்குமே நிம்மதி தந்தது. சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கம் இன்னும் இருந்தாலும், சட்டம் சொல்லும் மூன்று மாத அளவையே வாங்கினேன். அந்த 45,000 ரூபாயைச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனி வைப்பில் போட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க அது வசதியாக இருக்கும்.