ஒரு குற்றுக்காக வவுனியாவுக்கு இரண்டு தரம்

31ஆம் நாள் நினைவஞ்சலி நோட்டீஸ், 200 பிரதி. அடித்து, வெட்டி, கட்டி வைத்த பிறகு வந்தவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, 'நினைவஞசலி' எண்டெல்லே கிடக்கு. ஞவுக்குக் குற்று எங்க?"

நான் விடவில்லை. திரையைக் காட்டி, "இஞ்ச பாருங்கோ ஐயா, குற்று இருக்கு" என்றேன். பக்கத்தை ஒரு வரி மேலே தள்ளினேன். எழுத்து போய்விட்டது, குற்று மட்டும் அதே இடத்தில் நின்றது. 200 தாளும் மையும் என் கணக்கில்.

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் சின்னப் போட்டோக்கொப்பிக் கடை என்னுடையது. சோளகக் காற்று எழும்பினால் கிரவல் லொறிகள் கிளப்புகிற செம்புழுதி முழுக்க உள்ளேதான். ஆகவே அது தூசிதான் என்று நினைத்து, கண்ணாடி அலுமாரிக்கு அடிக்கிற நீல மருந்தை நேரே திரைக்கு அடித்து, பழைய சேட்டுத் துண்டால் அழுத்தித் தேய்த்தேன். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். மொனிற்றரின் மேற்பரப்பு பெரும்பாலும் வெறும் கண்ணாடி இல்லை. வெளிச்சம் தெறிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். அந்த மருந்துகள் பலவற்றில் அமோனியா உண்டு, அது பூச்சைத் தின்றுவிடும். வழிந்த தண்ணி கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற மின்சுற்றுகளும் போகலாம். எனக்கு அது போகவில்லை. ஆனால் இடது மூலையில் உள்ளங்கையளவு மங்கல் நிரந்தரமாகி விட்டது. குற்று அசையவே இல்லை.

மொனிற்றர் வாங்கிய வவுனியாக் கடைக்கு ரெலிபோன் அடித்துக் கேட்டேன். "கொண்டு வாங்கோ அக்கா, பாப்பம்." போர்வையால் சுற்றி, பஸ்ஸில் மாங்குளம் வரைக்கும் நின்றபடி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பெட்டி எங்க அக்கா? நம்பர் ஒட்டின பெட்டி வேணும்." பெட்டி வீட்டில், அம்மாவின் கோழிக்குஞ்சுகளோடு.

அடுத்த கிழமை குஞ்சுகளைக் கடகத்துக்கு மாற்றி, எச்சம் துடைத்து, பில்லும் பெட்டியுமாகப் போனேன். ஒரு நிமிசம் பார்த்தார். "ஒரு குற்றுக்கெல்லாம் மாத்தித் தரமாட்டினம் அக்கா." பிறகு மூலை மங்கலில் விரலை வைத்து, "மருந்து அடிச்சனீங்களோ? இதுக்கு வொறண்டி இல்லை."

விதியைப் பிறகு தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். 1920க்கு 1080 திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் (பிக்சல்), ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரத்தில் (2008இல் அதற்குப் பதில் வேறு தரம் வந்துவிட்டது), இரண்டாம் வகுப்புத் திரை என்றால் 10 இலட்சம் புள்ளிக்கு 2 கறுப்புப் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் என் திரைக்கு நாலு. இதை ரெலிபோனிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் கடை பூட்டியிருக்காது. நீங்கள் பஸ் ஏறமுதல் "எத்தனை குற்றுக்கு மாத்துவியள்?" என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து, கொம்பியூட்டரில் இருக்கிற பெயின்ற் புரோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து படம் நிரப்பி, ஒவ்வொன்றையும் முழுத்திரையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில்லை, மூன்று! முதலாவது எல்லா நிறத்திலும் கறுப்பு: செத்த புள்ளி, அதற்கு வைத்தியம் இல்லை. இரண்டாவது கறுப்புத் திரையிலும் பச்சையாய் மினுங்கியது: சாகவில்லை, சிக்கிக்கொண்டது. நிறங்களைப் படபடவென்று மாற்றுகிற வீடியோ ஒன்றை அதன் மேல் ஓடவிட்டேன். 20 நிமிசத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கடை பூட்டும் வரை விட்டேன், போய்விட்டது! எல்லாருக்கும் போகும் என்றில்லை. விரலால் அமத்திச் சரிசெய்யலாம் என்பவர்களை நம்பாதீர்கள், பக்கத்துப் புள்ளிகளும் போகலாம்.

மூன்றாவது ஊர்ந்துகொண்டிருந்தது. வயல் காலத்தில் லைற்றுக்கு வருகிற பூச்சி, திரைக்கும் பின்விளக்குக்கும் இடையில் புகுந்துவிட்டது. அமத்தியிருந்தால் பிணம் அங்கேயே கிடந்திருக்கும். மொனிற்றரை நிறுத்தி, பக்கத்தில் மேசைவிளக்கைப் போட்டு வைத்தேன். காலையில் காணோம்.

இப்போது துடைப்பது இப்படி: வயரைக் கழற்றி, சூடு ஆறவிட்டு, முதலில் மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டுவேன். மணலோடு தேய்த்தால் கீறும். பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் தருகிற துணி. கறை விடாவிட்டால் மட்டும் துணியில் இரண்டு சொட்டு வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணி. எங்கள் கிணற்றுத் தண்ணி காய்ந்தால் வெள்ளை படியும். வடிநீர் மோட்டார்சைக்கிள் கராஜில் பற்றரித் தண்ணி என்று போத்தலில் கிடைக்கும். அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில்தான் நிற்கும், லேபிளை வாசித்து வாங்குங்கள்.

கறுப்புக் குற்று இன்னும் இருக்கிறது. எழுத்துப் பிழை பார்த்து முடித்ததும், பக்கத்தை ஒரு விரல் அகலம் தள்ளி இன்னொரு தரம் பார்க்கிறேன். அம்மா பெட்டியைத் திரும்பக் கேட்கிறா. கொடுக்கவில்லை.